பேட்டரியோடு வந்த கார்டு

அந்தக் கார்டில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. தாராவியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் சந்தில், அல்தாப் கடை வாசலில், உடைந்த கீபோர்டுகளுக்கும் ஒயர் சுருள்களுக்கும் அடியில் அது கிடந்தது. எந்த மெஷினிலும் மாட்டப்படவில்லை. லிசா குனிந்து எடுத்தாள். கரண்ட் போய்விட்டால், டிஸ்க்கில் எழுதி முடிக்காததை மறக்காமல் பிடித்து வைத்துக்கொள்ள பல டிஸ்க்குகளைச் சேர்த்து மேய்க்கும் இந்த மாதிரி ரெய்டு கார்டுகளில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். விளக்கு மினுக்கினால் உள்ளே ஏதோ ஒன்று எழுதப்படக் காத்திருக்கிறது என்று அர்த்தம். மிஞ்சிப்போனால் மூன்று நாள் தாங்கும்.

எப்போது வந்தது என்று கேட்டாள். போன மழைக்காலத்துக்கு முன்னால் என்றான் அல்தாப். பொய் சொல்லவும் ஓர் அளவு வேண்டாமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அவளுக்கு எல்லார் மேலும் பற்றிக்கொண்டுதான் வந்தது. புதுக் கார்டின் விலையைச் சொல்லிவிட்டு, "வீட்டு சர்வருக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்" என்று சிரித்த லேமிங்டன் ரோடு கடைக்காரன் மேல். மலிவாக இருக்கிறதே என்று போன வாரம் வாங்கி, பிரித்துப் பார்த்தால் ரெய்டே செய்யத் தெரியாத டப்பாக் கார்டு மேல். எல்லாவற்றுக்கும் மேலே சாஜன் மேல்.

அவள் புருஷன் சாஜன் போன வருடம் டெங்குவில் செத்துப்போனான். நம்ம வீட்டுப் படத்தை எவன் கம்ப்யூட்டரிலேயோ எதற்குப் போடவேண்டும் என்று வீறாப்பு பேசி, வீட்டிலேயே சர்வர் கட்டினான். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே பதியும்படி இரண்டு டிஸ்க். ஆனால் அந்த வேலையைச் செய்ய நல்ல கார்டு வாங்கவில்லை, மதர்போர்டே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். கேட்டால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் லிசா." காதைச் சொறிந்துகொண்டு சொல்வான். விடைத்த காது அவனுக்கு. மகள் ஷைனிக்கும் அதே காது. அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று சொல்லியே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு டிஸ்க் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றது ஒரு வாரமாக டிக் டிக்கென்று அடிக்கிறது. அவன் முகமும் குரலும் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு டிஸ்க்கில்தான்.

அல்தாப் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பேட்டரியைக் கழற்றப் போனான். அவள் கார்டைப் பிடுங்கிக்கொண்டாள். பேட்டரி இல்லாவிட்டால் கார்டு ஆமை வேகத்தில் எழுதும். புது பேட்டரி வாங்கப் போனால் கார்டை விட அதன் விலை கூட.

"பேட்டரிய கழத்திட்டுத்தாங்க்கா குடுப்போம். உப்பிப் போயி தீப்பிடிச்சிட்டுன்னா எங்களத்தான் கேப்பாவ."

தான் பன்னிரண்டு வருடமாக ஆபீசில் சர்வர் வேலைதான் பார்ப்பதாகவும், பேட்டரியோடு தந்தால் தா, இல்லாவிட்டால் வேறு கடை இருக்கிறது என்றும் அவள் கத்தினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அந்தச் சந்தில் யாருமே பேட்டரியோடு கார்டு வாங்கிப்போனதில்லை. அவள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

திலக் நகர் வீட்டுக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஷைனி எதிர்க் கட்டடத்துப் பிரேமலதா டீச்சரிடம் டியூஷனுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு குக்கர் சத்தம், மாடி ஓட்டையிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர், ஜன்னல் தகரத்தில் மழை, இவற்றுக்கு நடுவே சாஜனின் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. செய்தித்தாளைப் பிரித்ததும் அறையில் பூச்சி உருண்டை வாடை பரவியது, யாருடைய பீரோவையோ வெகுநாளைக்குப் பிறகு திறந்த மாதிரி. இந்த வீட்டில் பூச்சி உருண்டை வாங்குவதில்லை, சாஜனுக்கு அந்த வாடை ஆகாது.

கார்டை மாட்டினாள். சாஜனின் டிஸ்க்கையும் புதிதாக வாங்கியிருந்த காலி டிஸ்க்கையும் அதோடு இணைத்தாள். கார்டு ஒருமுறை கீச்சென்று கத்தியது. திரையில் எழுத்து வந்தது. வேறோர் இடத்தின் டிஸ்க் அமைப்பு காணப்படுகிறது, எழுதப்படாத தகவலும் உள்ளது, ஏற்றுக்கொள்வதா, அழிப்பதா?

எதைத் தொடும் முன்னும் ஒரு நகல் எடு என்று ஆபீசில் பையன்களைத் தினமும் திட்டுகிறவள் அவள். மதர்போர்டு செய்துவைத்த அமைப்பை இந்தக் கார்டுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியானால் இது யாருடைய அமைப்பு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, அது அவளுக்கு அடுத்த மாசம் அடுத்த மாசம் என்றே கேட்டது. "எல்லாம் உன்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே ஏற்றுக்கொள் என்பதை அழுத்தினாள்.

டிக் டிக் நின்றது. டிஸ்க் சீராகச் சுழன்றது. நகல் எடுக்கும் வேலை தொடங்கிவிட்டதாகத் திரை சொன்னது. ஒரு சதவீதம். கார்டு சிறிது நேரத்துக்கு ஒருமுறை கீச்சென்றது. லிசாவுக்கு மூச்சு வந்தது. லேப்டாப்பில், சாஜனின் டிஸ்க்கிலிருந்த ஒரு வீடியோவைத் திறந்தாள்.

ஜுஹு கடற்கரை. சாஜன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையில் நிற்கிறான். சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஓரத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடற்கரையில் ஆயிரம் பேர் நிற்பார்கள்.

அடுத்தது ஷைனியின் ஞானஸ்நானம். செம்பூர் கோயிலில் பாதிரியார் தண்ணீர் ஊற்றுகிறார். சாஜனுக்குப் பின்னால் அதே சாம்பல் சட்டை. இப்போது பாதி முகம் தெரிந்தது. அப்படி ஒரு சொந்தக்காரர் வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

கார்டு கீச்சென்றது. நாற்பது.

பிறந்தநாள் வீடியோ. எடுத்தது அவள்தான். சாஜன் கேக் வெட்டுகிறான், ஆனால் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அப்படி அவள் எடுக்கவே இல்லை. ஷைனிக்குக் கேக் ஊட்டியது சாம்பல் சட்டை. அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான்.

அவள் மறுபடியும் கடற்கரையைத் திறந்தாள். குழந்தையை வைத்திருந்தவன் அந்த ஆள். ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றவனுக்கு விடைத்த காது.

அறுபத்தைந்து.

நகல் எந்தப் பக்கம் போகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாஜனின் டிஸ்க்கிலிருந்து எதையும் எடுக்கவில்லை கார்டு. அது எதையோ கொண்டுவந்து அதன் மேல் எழுதிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடித்து இழுத்தாள். திரை அணைந்தது. ஃபேன் நின்றது. டிஸ்க் நிற்கவில்லை. பச்சை விளக்கு மினுக்கியது. கார்டு கீச்சென்றது. அல்தாபை, கடைக்காரனை, செத்தவனை, எல்லாரையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கார்டைப் பிடுங்கினாள். விரல் சுட்டது. பேட்டரியை நெம்பி எடுத்துத் தரையில் அடித்தாள். அது உடைந்து சிதறியது.

கையிலிருந்த கார்டு மினுக்கியது.

பூச்சி உருண்டை வாடை இப்போது வாசல் பக்கமிருந்து வந்தது.

சுவரில் சாஜனின் படம், அதன் கீழே எப்போதும் எரியும் சின்ன பல்பு. டிஸ்க்கில் இல்லாத படம். சட்டம் போட்டு மாட்டிய காகிதம். அதை யாராலும் அழிக்க முடியாது. லிசா நிமிர்ந்து பார்த்தாள்.

சாம்பல் சட்டை.

கண்ணை மூடினாள். சாஜன் எப்படி இருப்பான்? மூக்கு. கண். இல்லை. குரல்? அடுத்த மாசம் என்பான். எந்தக் குரலில்? அவளுக்கு அவன் மேல் கோபம் இருந்தது. நல்ல கோபம், ஒரு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள். அந்தக் கோபத்தைத் தேடினாள். யார் மேல் என்று தெரியவில்லை.

கீச்சென்ற சத்தம் நீளமாக ஒருமுறை கேட்டு நின்றது. பச்சை விளக்கு அணைந்தது.

படிக்கட்டில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம். சின்னக் கால். பெரிய கால். கதவுக்கு வெளியே ஷைனியின் குரல் கேட்டது.

"டாடி, செருப்ப வெளியவே கழத்துங்க. அம்மா ஏசுவா."

கதவு திறந்தது. ஷைனி நனைந்துபோய் நின்றாள். அவள் கையைப் பிடித்திருந்தவனின் சாம்பல் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷைனி ஈர முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுச் சிரித்தாள். காதுகள் தலையோடு ஒட்டி, சின்னதாக, அழகாக இருந்தன.