கோட்டைத் தொடாத மூச்சு

அவள் கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். ஆஸ்துமா முற்றித் தன்னைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது உடனே விளங்கியது. விளங்காமல் போகுமா? இதே தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர்களைக் கவனிப்பதே அவள் வேலை. ‘வென்டிலேட்டர் அக்கா’ என்றால்தான் அங்கே எவருக்கும் அவளைத் தெரியும்.

“முழிச்சிட்டீங்களாக்கா? எங்களை அதட்டுற வாய்க்கு இன்னைக்கு லீவு,” என்று சின்ன நர்ஸ் சிரித்தாள்.

கருவி தலைமாட்டில் இருந்தது. எதிரேயிருந்த கண்ணாடித் தடுப்பில் அதன் திரை இடவலம் மாறித் தெரிந்தது. மூச்சு உள்ளே போகையில் பச்சை அலை திரையின் நடுக்கோட்டுக்கு மேலே எழும். வெளியே வருகையில் கீழே இறங்கி, மீண்டும் கோட்டைத் தொடும். தொட்ட பிறகே அடுத்த மூச்சு. அதுதான் ஒழுங்கு.

அவளுடைய அலை கோட்டைத் தொடவில்லை.

பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் புதிய காற்று புகுந்தது. மிச்சம் நெஞ்சுக்குள் அடைபட்டது. இப்படியே சேர்ந்துகொண்டு போனால் நெஞ்சு உப்பி, இதயத்தை நெரித்துவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இது நேர்வதுதான். ஆனால், அதன் அடியில் காற்றழுத்தத்தைக் காட்டும் இன்னோர் அலையில், ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. நோயாளி தானாக மூச்சை இழுத்தால் விழும் பள்ளம் அது. அதைக் கண்டவுடன் கருவி காற்றைக் கொடுத்துவிடும்.

அவள் இழுக்காமல் இருந்து பார்த்தாள்.

பள்ளம் விழுந்தது.

விரல் நகத்தால் கம்பியைத் தட்டி, கண்ணால் திரையைக் காட்டினாள். சின்ன நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“குழாய்ல தண்ணி நின்னா மிஷின் ஏமாந்துடும்னு நீங்கதானேக்கா சொல்லிக் கொடுத்தீங்க?” என்று தண்ணீரை வடித்தாள்.

மறுபடியும் பள்ளம் விழுந்தது.

டாக்டர் வந்தார். “இவங்கதான் மிஷினோட மல்லுக்கட்டறாங்க. தசையைத் தளர்த்துற மருந்தைப் போடுங்க. அப்புறம் இமையைக்கூட அசைக்க முடியாது.”

அவள் வேண்டாமென்று தலையை உலுக்கினாள்.

“பாத்தீங்களா, எப்படித் திமிர்றாங்க!”

மருந்து இறங்கியது. இமைகள் சரிந்தன. நாக்கும் விரலும் நெஞ்சும் அவளைக் கைவிட்டன. மயக்க மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது, அது போதவில்லை. வெளியே தாழிட்ட அறைக்குள் நிற்பவளைப்போல, இருட்டில், அவள் விழித்திருந்தாள்.

கருவி ‘ஸ்ஸ்’ என்றது. ஓர் இடைவெளி. மீண்டும் ‘ஸ்ஸ்’.

பிறகு, இடைவெளியின் நடுவே, எவரும் ஏவாத ஒரு ‘ஸ்ஸ்’.

“டாக்டர்...” சின்ன நர்ஸின் குரல் தாழ்ந்தது. “பள்ளம் இன்னும் விழுது.”

“விழாதும்மா.”

“நீங்களே பாருங்க.”

டாக்டரின் காலடிச் சத்தம் தலைமாட்டுக்கு வந்து நின்றது.

“இவங்களால இழுக்கவே முடியாது,” என்றார் டாக்டர், தமக்குத்தாமே சொல்வதுபோல. “அப்ப இழுக்கறது யாரு?”

நெஞ்சு கல்லாய் இறுகியது. எச்சரிக்கை மணி அலறியது.

“டாக்டர், பி.பி. சரசரன்னு இறங்குது!”

“குழாயை மிஷின்லேர்ந்து கழட்டு! அடைபட்ட காத்து வெளிய வரட்டும்!”

காற்று வெளியேறியது. நீண்ட பெருமூச்சாக வந்தது. ஒரு நெஞ்சு கொள்ளக்கூடிய காற்றெல்லாம் தீர்ந்த பின்னரும் வந்துகொண்டேயிருந்தது.

வேறு கருவியை மாட்டினார்கள். அலை கோட்டைத் தொடுவதாகச் சின்ன நர்ஸ் சொன்னாள். பள்ளம் இல்லை.

“மிஷின் கோளாறுதான்,” என்றார் டாக்டர்.

சில நாள்களில் குழாயை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் காலையில், வெயில் விழுந்த கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். சின்ன நர்ஸ் பின்னால் நின்று, முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

“கடைசித் தடவை அக்கா. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்குங்க.”

அவள் உதடுகளை இறுக மூடி, இரு விரல்களால் மூக்கையும் அடைத்துக்கொண்டாள்.

முதுகில் குளிர்ந்த வட்டம் நகர்ந்தது, நின்றது.

“பிடிங்கன்னா பிடிக்கணும்க்கா,” என்று சின்ன நர்ஸ் செல்லமாக அதட்டினாள். “ஏன் இழுக்கறீங்க?”

அவள் விரல்களை இன்னும் எடுக்கவில்லை.