எங்க வூட்டுக்கு வாங்க ஆத்தா

சித்திரை வெயிலில் இண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, உருகிய தார் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. தங்கை கவிப்பிரியா போனில் சொன்னது ஒரே வரிதான்: "அண்ணா, வூடு குளுருது, வா." ஏசி வாங்கியதைப் பீற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

வாசற்படி தாண்டியதும் முதுகு வியர்வை சில்லிட்டது.

ஏசி இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. நட்டநடுப்பகலில் கவிப்பிரியா கம்பளி போர்த்திக்கொண்டு கைக்குழந்தையை மார்போடு இறுக்கி உட்கார்ந்திருந்தாள். நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது குழந்தையின் உதடு.

"ஆஸ்பத்திரி போனீங்களா?"

"அங்கயும் கூடவே வந்துருச்சுண்ணா. பக்கத்து பெட்டுக்காரங்க நடுங்கிப்போயி பெட்ஷீட் கேட்டாங்க."

அவள் கணவன் மாதவராஜ் மூலையில் தலை குனிந்து நின்றான். மக்கள் இடம்பெயர்வதை ஆராய்கிறவன். போன வருடம் வடதுருவத்துப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்கு ஆய்வுக் குழுவோடு போய்வந்தான். ஒருவர் பனிக்கட்டி உருகுவதை அளந்தார்; ஒருவர் உறைந்த மண் இளகுவதை. ஊர் அழிந்தால் சனம் எங்கே போகும் என்று கேட்பது இவன் வேலை. இதற்கு அவ்வளவு தூரம் போவானேன், தர்மபுரிக்காரனைக் கேட்டால் பெங்களூர்க் கட்டட வேலைக்கு என்று சொல்லிவிடுவானே என்று அப்போது கிண்டலடித்தேன்.

செத்தவர்கள் எங்கே போவார்கள் என்பது யாருடைய துறையிலும் இல்லை.

"பொணம் பொதைக்கிற எடத்தக் கடல் தின்னுட்டு வந்துச்சு மச்சான்," என்றான் மெதுவாக. "ஒரு கெழவியோட சவப்பெட்டி கரையில வெளிய வந்துருச்சு. மேட்டுல வேற குழி வெட்டுனோம். அந்த மண்ணும் உருகிச் சேறாக் கெடந்துச்சு. அவங்க புள்ளைங்க ஊர வுட்டே போயாச்சு. பெட்டிய எறக்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல."

"என்ன பண்ணுன மாப்ள?"

"இங்க எடமில்லன்னா எங்க வூட்டுக்கு வாங்க ஆத்தான்னு சொல்லிட்டேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். எழவு வீட்டில் 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிறவர்கள் நாங்கள். மற்ற இடத்தில் யாரைப் பிரிந்தாலும் 'வூட்டுக்கு வாங்க' என்று சொல்லாமல் நகர மாட்டாதவர்களும் நாங்கள்தான். இவன் இரண்டாவது பழக்கத்தைக் கொண்டுபோய்ப் புதைகுழி ஓரத்தில் வைத்துவிட்டான்.

"நடந்தே வந்திருப்பாங்க போல," என்றாள் கவிப்பிரியா. "மாசியிலதான் வந்து சேந்தாங்க."

உள்ளறையில் ஏதோ சொட்டியது.

மீன் எண்ணெயும் ஊறிய தோலும் கலந்த வாடை மெல்லப் பரவியது. சிமெண்டுத் தரையில் ஓர் ஈரக் கால்தடம். சின்னது, விரல்கள் உள்பக்கம் மடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் இன்னொன்று ஊறியது.

அது குழந்தையை நோக்கி வந்தது.

"கெட்ட எண்ணமில்லண்ணா," தங்கை கிசுகிசுத்தாள். "தூக்கிக் கொஞ்சத்தான் பாக்குறாங்க. தூக்குனா புள்ள வெறைச்சுப்போவுது."

"போவச் சொல்லேன் மாப்ள."

"எங்க போவச் சொல்றது மச்சான்?"

குழந்தையின் போர்வை ஓரம் தானாக விலகியது.

சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையின் அழுகை பாதியில் நின்றது.

என் மூச்சு வாயிலிருந்து வெள்ளைப் புகையாக வந்தது. எதற்கெடுத்தாலும் ஜோக்கடிக்கும் வாய். அன்று நடுங்கியபடி வேறு எதையோ சொன்னது.

"ஆத்தா, பச்சப்புள்ள, தாங்காதுங்க. கம்பைநல்லூர்ல எனக்கு ஓட்டு வூடு ஒன்னு இருக்குது. நாப்பது வயசாச்சு, பொண்ணு குடுக்க ஆளில்ல, ஒண்டிக்கட்டை. எடம் சும்மாதான் கெடக்குது. எங்கூட வாங்க."

சொட்டுவது நின்றது.

குழந்தை வீறிட்டது. உதட்டில் சிவப்பு ஏற ஏறக் கவிப்பிரியா அழுதுகொண்டே கம்பளியை உதறினாள். நான் 'வரேன்' என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தேன்.

தர்மபுரி போகும் பிங்க் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. தகரம் வெந்தது, வழக்கம்போல் வியர்த்தது. வாடை இல்லை, ஈரம் இல்லை. பயம் தெளிந்ததும் லேசாக அவமானமாகக்கூட இருந்தது. பெண்கள்தான் என் வீட்டுக்கு வர மறுக்கிறார்கள் என்றால் பேயுமா?

கண்டக்டர் காசு வாங்கிக்கொண்டு எனக்கு டிக்கெட் கொடுத்தார். இன்னொன்றையும் கிழித்து நீட்டினார்.

"எனக்கு ஒன்னு போதுங்க."

"இது அந்த ஆத்தாவுக்கு. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ தான, வெச்சுக்கங்க." பக்கத்து இருக்கையைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏங்க, பெரியவங்கள இப்பிடியா சொட்டச் சொட்டக் கூட்டியாறது? சீட்டெல்லாம் தண்ணி."

இரண்டு டிக்கெட்டையும் சட்டைப்பையில் வைத்தேன். என் இடது தோளில் சில்லென்று ஏதோ சாய்ந்தது, வெகுதூரம் நடந்து களைத்தவர் சாய்வதுபோல.

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.