ஈரம் போன இடம்

மகளின் பள்ளிச் சீருடையை மடிக்கும் முன், வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். மேலாக சோப்பு வாசனை இருந்தது. அதற்கு அடியில், இடுப்புப் பட்டியின் தையலுக்குள், வேறொரு வாடை ஒளிந்திருந்தது. வாளிக்குள் மறந்துபோய் மூடிவைத்த துணியின் வாடை. நேற்று முழுக்க மின்விசிறிக்குக் கீழே தொங்கிய சீருடை அது. தொட்டால் காய்ந்துதான் இருந்தது. மூக்கு மட்டும் இல்லை என்றது, அவன் மூக்கு பொய் சொல்லாது.

அந்த வீட்டில் துணி துவைப்பது அவன் பொறுப்பு. மனைவி நர்ஸ், மருத்துவமனை எந்த நேரத்துக்குக் கூப்பிடுமோ தெரியாது. அவனோ வீட்டில் உட்கார்ந்தபடி புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவன். துவைத்து, உலர்த்தி, முகர்ந்து பார்த்து, பிறகுதான் மடிப்பான். "மோப்பக்காரரே, பாஸா ஃபெயிலா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். உறவுக்காரர்கள் முன்னாலும் அதையே சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் இந்த மழைக்காலத்தில் அது கிண்டல் செய்கிற விஷயமாக இல்லை. மகளுக்கு மூச்சுத் திணறல். குருவி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். உடம்பும் குருவி கணக்காகத்தான் இருக்கும். போன முறை திணறல் வந்தபோது உதடு நீலம் பாரித்து, விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொள்ள, ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சுக்குப் பரிதவித்த அந்த முகத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்.

"வீட்ல ஈரவாடை ஆகவே ஆகாது சார். பூஞ்சை புடிச்ச துணி, மெத்தை எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்தா, நேரத்துக்குக் கொண்டுவர முடியுமான்னு சொல்ல முடியாது."

சொல்வது சுலபம். வெளியே வானம் ஓட்டையாகி ஊற்றிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. உப்பு ஜாடிக்குள் உப்பு கசிந்து கிடந்தது. அவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தான். மெஷின் நின்ற கையோடு துணியை வெளியே எடுத்தான். அதன் ரப்பர் வளையத்தை விரலால் விலக்கி, கறுத்த வழுவழுப்பைத் துடைத்தான். மூடியைத் திறந்தே வைத்தான். கடைசி அலசலில் வினிகர் ஊற்றினான். கொடியில் துணிக்கும் துணிக்கும் கை போகிற அளவு இடைவெளி விட்டான். துண்டும் சட்டையும் அவனுக்குக் கட்டுப்பட்டன. மகளின் சீருடை மட்டும் மசியவில்லை. தடித்த துணி, மடிப்புக்கு மடிப்பு தையல். வாடை தையலுக்குள் குடியிருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் பழைய பழக்கம் நினைவுக்கு வந்தது. படிக்கிற காலத்தில் இருந்ததே இரண்டு சட்டை. மழை நாளில் அரை ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவான். "உடம்புச் சூட்டுல காஞ்சிடும்டா" என்பான். காய்ந்தும்விடும். யார்தான் அப்படிச் செய்யவில்லை?

சீருடையை மறுபடி அலசிப் பிழிந்து வயிற்றில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டுப் பொத்தானிட்டு, வேலை செய்ய உட்கார்ந்தான். முதலில் சில்லென்று குடலைப் பிடித்தது. பிறகு பழகிவிட்டது. மதியம் அவிழ்த்தபோது சீருடை சருகாய்க் காய்ந்திருந்தது. பட்டித் தையலை நகத்தால் பிரித்து முகர்ந்தான். ஒன்றுமே இல்லை. வெயிலில் கிடந்த துணியில்கூட இவ்வளவு சுத்தமான வாசனையை அவன் கண்டதில்லை.

மகள் அன்று இரைப்பு இல்லாமல் தூங்கினாள். மனைவி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒரு சத்தமும் இல்லைங்க. என்னங்க பண்ணீங்க?"

"தொழில் ரகசியம்" என்றான். சொன்னால் திட்டுவாள். சளி பிடிக்கும், நிமோனியா வரும் என்று ஒரு பாடமே எடுப்பாள்.

அதன்பின் தினமும் அதேதான். காலையில் சீருடை. மாலையில் மகளின் பாவாடை, உள்ளாடை, காலுறை. இரவில் அவளுடைய போர்வையை மார்பில் சுற்றிக்கொண்டு, மேலே தன் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தான். எத்தனை சுற்றினாலும் அத்தனையும் காய்ந்தது. வரவர இன்னும் சீக்கிரமாகவே காய்ந்தது. மகள் கன்னத்தில் சதை போட்டாள். மாடிப்படியில் ஓடி ஏறினாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஈரமெல்லாம் எங்கே போகிறது என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாற்காலிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. எழுந்து திரும்பிப் பார்த்தால் இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்த வடிவத்திலேயே கறுப்பாக ஈரம். வியர்வை என்று நினைத்தான். அந்தக் குளிரில் என்ன வியர்வை? பிறகு மேசையில் காகிதங்கள் அவன் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு எழுந்தன. குளித்துவிட்டு முதுகைத் துடைப்பான், மறுபடி துடைப்பான், துண்டு கனத்துத் தொங்கும், முதுகு அப்படியே இருக்கும். விரல் நுனிகள் எந்நேரமும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மொசைக் தரையில் அவன் நடந்த பாதங்கள் பதிந்து, வெகுநேரம் மறையாமல் கிடந்தன.

இவற்றோடு அந்த வாடையும் திரும்பி வந்தது.

"எங்கயோ ஈரத்துணிய விட்டு மறந்துட்டீங்க" என்று மனைவி படுக்கையில் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். "குப்புனு வருதுங்க."

அவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டினான். அலமாரியின் பின்பலகையை முகர்ந்தான். திரைச்சீலையின் கீழ்மடிப்பை, தலையணையின் உட்புறத்தை, செருப்பு வைக்கும் பெட்டியை, மெத்தையின் நான்கு மூலைகளையும் முழங்காலிட்டு முகர்ந்தான். கூடத்தில் தேடினால் கூடத்தில் அடித்தது. சமையலறைக்குப் போனால் அங்கே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் நின்றான். அங்கும் இருந்தது, அவன் போய்ச் சேர்வதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. அவன் மூக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் திணறியது.

மகளுக்கு இரைப்பு மீண்டும் தலைகாட்டியது. பள்ளியில் இல்லை. அம்மா மடியில் இருக்கும்போதும் இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் நெஞ்சில் அந்த மெல்லிய விசில் கிளம்பியது. சுவரோரம் உட்கார்வதால் என்று இடத்தை மாற்றினான். விசில் கூடவே வந்தது. ஒருநாள் தலையைத் தடவ நீட்டிய கையை மகள் மெதுவாக விலக்கினாள்.

"வேணாம்பா. உன் கை ஜில்லுனு இருக்கு."

தான் சுற்றிக்கொள்கிற துணி போதவில்லை என்றே அவன் முடிவு கட்டினான். அன்று முதல் மெத்தை விரிப்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டான்.

ஒருவழியாக மழை விட்டது. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் மொட்டைமாடிக்கு அள்ளிக்கொண்டு போய் உதறிப் போட்டான். மதியத்துக்குள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக முகர்ந்தான். எதிலும் வாடை இல்லை. இருந்தும் வாடை வந்தது. நட்ட நடு வெயிலில், திறந்த வானத்துக்குக் கீழே, அவன் நாசிக்கு நேர் எதிரில்.

துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

மகள் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். ஏதோ பரிசு வாங்கிய குஷியில் அவனை நோக்கி ஓடிவந்தாள். எல்லாவற்றையும் மறந்து வாரித் தூக்கினான். அவள் முகம் அவன் கழுத்தில் புதைந்தது. ஒரு மூச்சு இழுத்தாள்.

விசில்.

இன்னொரு மூச்சு. அது உள்ளே போகவில்லை. விரல்கள் அவன் சட்டையைப் பிறாண்டின. உதடு நிறம் மாறியது. அவளைச் சோபாவில் போட்டு, இன்ஹேலரைத் தேடி எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அவன் குனியக் குனிய அவள் கண் செருகியது. சற்றே பின்வாங்கினான். கண் திறந்தது. நெருங்கினான். செருகியது.

அவனுக்குப் புரிந்தது. புரிய வேண்டாம் என்றிருந்தது.

கதவு திறந்தது. டியூட்டி முடிந்து வந்த மனைவி, பையை வீசிவிட்டு மகளை அள்ளி மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"ஜன்னலத் தொறங்க! நீங்க தள்ளிப் போங்க... ஐயோ, உங்க மேலதாங்க அடிக்குது அந்த நாத்தம்! வெளிய போங்க!"

போனான். மாடிப்படியில் ஏறும்போது கால்கள் சளக் சளக் என்றன. மேலே வந்து சட்டையைக் கழற்றினான். காலையில் காய்ந்த சட்டையாகப் போட்டது. இப்போது சொட்டியது. தன் முன்கையை மூக்கில் வைத்தான். தோலுக்கு அடியில், ஆழத்தில் அந்த வாடை இருந்தது. சீருடைத் தையல்களில் குடியிருந்த அதே வாடை.

கட்டைவிரலால் கையை அழுத்தினான். குழி விழுந்தது. குழியில் நீர் ஊறி நின்றது.

கீழே ஜன்னல் வழியாக மகளின் மூச்சு கேட்டது. இழுப்பு. இழுப்பு. பிறகு ஒன்று நீளமாக, தடங்கலில்லாமல். அடுத்ததும். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அவன் அருகில் போகாதவரை பிழைத்திருப்பாள். போகாமல் எப்படி இருப்பது? ஆயுசு முழுக்க எட்ட நின்று பார்ப்பதா?

காய்ந்துவிட வேண்டும். வெயில் இருக்கும்போதே காய்ந்துவிட வேண்டும்.

இடது மணிக்கட்டை வலது கையால் பற்றினான். துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினான். கை திரும்பியது. வலிக்கவில்லை. இன்னொரு முறுக்கு. அதற்கும் திரும்பியது. எலும்பு தட்டுப்படவே இல்லை. முழங்கைவரை புரிபுரியாகச் சுருண்டது. பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு கொட்டியது. எவ்வளவு கொட்டியும் நிற்கவில்லை. விட்டதும் கை தானாக அவிழ்ந்து, சுருக்கம் சுருக்கமாய்த் தொங்கியது.

தொய்ந்து கிடந்த கொடியின் மேல் இரண்டு கைகளையும் எடுத்துப் போட்டான். மார்பைப் போட்டான். முகம் கவிழ்ந்தது. கால்கள் தரையை விட்டன. நல்ல வெயில். மகளின் சீருடைக்கும் அவனுக்கும் நடுவில் கை போகிற அளவு இடைவெளி இருந்தது. காற்று அடித்தபோது இரண்டும் சேர்ந்தே ஆடின.

கீழே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. காதின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம். சாயங்காலம்வரை இப்படியே இருந்தால் போதும். இறங்கிப்போய் அவளைத் தூக்கலாம்.

தரையில் வெளிச்சம் மங்கியது. சீருடையின் நிழல் மறைந்தது. எங்கோ இடி உருண்டது.

"ஏங்க!" கீழிருந்து மனைவியின் குரல், இப்போது பதற்றமெல்லாம் தணிந்து, எப்போதும்போல். "மழை வருதுங்க! சீக்கிரம் துணிய எடுங்க!"

எடுக்கப் பார்த்தான். விரல்கள் காற்றில் படபடத்தன. அதற்குமேல் எதுவும் அசையவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாயிலிருந்து தண்ணீர்தான் சொட்டியது.

"கேக்குதா இல்லையா? பாப்பா, நீ ஓடிப் போய் அப்பாவக் கூப்பிடு!"

மாடிப்படியில் குருவியின் காலடி கேட்டது. மூச்சிரைக்காமல், துள்ளித் துள்ளி ஏறிவந்தாள். முதல் துளி அவன் முதுகில் விழுந்தது. அது வழியவில்லை. உள்ளே இறங்கியது.