பதினெட்டு மில்லி ஆழம்

"ஐயோ... கை! என் கை!"

தச்சுப் பட்டறையின் உள்ளறையிலிருந்து அலறல். வாசலில் நின்ற பெரிய மருமகன் டீ கிளாஸைத் திண்ணையில் வைத்தான்.

இந்த அலறலுக்காகத்தான் கால் மணி நேரமாக அவன் காத்திருந்தான்!

ஓடினான். ஓடத்தானே வேண்டும்?

மேஜையடியில் அவனுடைய சகலை, சின்ன மருமகன், கையைக் கக்கத்தில் இடுக்கிச் சுருண்டு கிடந்தான். மரத்தூளெல்லாம் சிவப்பு! பக்கத்தில், மரத்தில் பள்ளம் குடைகிற ரூட்டர் மெஷின் குப்புறக் கிடந்தது.

பெரியவனுக்கு வயிற்றெரிச்சல் அடங்கியது. பன்னிரண்டு வருஷம் இங்கே மாடாய் உழைத்தவன் அவன். நேற்று வந்தவனை மாமனார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். பட்டறை யாருக்கு என்று இன்று மாலை சொல்லப் போகிறார்.

சின்னவன் ஒரு பள்ளத்தை மூன்று மூன்று மில்லிமீட்டராக இறக்கி நாலு ஓட்டம் ஓட்டுகிற ஆமை! அவன் டீ குடிக்கப் போன நேரம், பிளக் பிடுங்கிக் கிடந்த மெஷினில் திருகைத் தளர்த்தி, வெட்டுகிற பிட்டை அடிவரை இறக்கிவிட்டு வந்திருந்தான் பெரியவன். தேக்கில் ஒரே மூச்சாக இறங்கினால் மெஷின் துள்ளும். விரல் போகும். விரலோடு பட்டறையும் போகும்!

மாமனார் மூச்சிரைக்க வந்தார். "என்னடா இது?"

"அவசரக் குடுக்கை மாமா! பன்னெண்டு மில்லி பள்ளத்துக்குப் பதினெட்டு மில்லி இறக்கி ஒரே ஓட்டமா ஓட்டியிருக்கான். மெஷின் துள்ளாம என்ன செய்யும்?"

"பதினெட்டா?"

"அளந்து வெச்ச மாதிரி பதினெட்டு!"

மாமனார் குனிந்தார். மெஷினைத் திருப்பினார்.

அதில் பிட்டே இல்லை!

"சின்னவன் அப்பவே கழட்டிக் கொடுத்த பிட்டு என் பாக்கெட்ல இருக்குடா. எந்தக் கண்ணால பதினெட்டைப் பார்த்தே?"

பெரியவன் ஓரடி பின்வாங்கினான்.

சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். பத்து விரலும் பத்திரம்! சிவப்பெல்லாம் கதவுக்கு அடிக்கிற சாயம்.

"நீங்க ஒரு தடவை ஆழம் வெச்சா வெச்சதுதான்ணே. எனக்கு நாலு ஓட்டத்துக்கும் நாலு தடவை திருகைத் தொடணும். தொட்டா அளப்பேன். அளந்தா வேஸ்ட் கட்டையில ஓட்டிப் பார்ப்பேன். இதுகூடவா தோணல?"

தோன்றவில்லை! பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவன் இரண்டாவது ஓட்டம் ஓட்டியதில்லை.

"விரல் போயிருந்தா என் சின்னப் பொண்ணு கதி என்னடா?" மாமனார் பிட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க வாயால ஒரு நாள்... ஒரே ஒரு நாள் என்னைப் பாராட்டியிருக்கீங்களா மாமா? இவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது!"

மாமனார் பட்டறைச் சாவிக்கொத்தைச் சின்னவன் மடியில் போட்டார். போலீஸுக்குப் போன் போட்டார்.

சின்னவன் சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்தான்.

"பொறாமையையும் மூணு மூணு மில்லியா இறக்கியிருக்கலாம்ணே... மெஷினாவது மிஞ்சியிருக்கும் உங்களுக்கு!"