நாலு பேரைக் கட்டிய கயிறு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கயிறு ஈரமாக இருந்தது. கன்னியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எண்பது வருஷத்துக்கு முந்தைய கயிறு எப்படிச் சொட்டும்?

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை விடுதலைப் போராட்ட அருங்காட்சியகமாக்கி இருந்தார்கள். அங்கே காவலாளி வேலை காலி. போன ஐப்பசியில் கடலுக்குப் போன கொழுந்தன் திரும்பவே இல்லை. புருஷனையாவது தரையில் நிறுத்திவிட வேண்டும் என்று சண்டை போட்டு, அழுது, பட்டினி கிடந்து, ஒருவழியாக டில்லிபாபுவை இழுத்து வந்திருந்தாள். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், அதுவரை சுற்றிப் பாருங்கள் என்றார்கள்.

மத்தியான வெயிலில் வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, கதர்த் துணியும் கைராட்டையும் மஞ்சளேறிய துண்டுப் பிரசுரங்களும் வரிசையாக இருந்த அந்த நீண்ட அறையில், பினாயில் நெடியையும் மீறி ஏலம் முடிந்த மீன்பிடித் துறைமுகத்தின் வாடை வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பெட்டிக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாற்பத்திரண்டில் படகில் துண்டுப் பிரசுரம் கடத்திய நாலு மீனவர்களை, வெள்ளைக்காரத் துரையின் ஆட்கள் கையோடு கை கட்டிக் கடலில் தள்ளினார்களாம். கயிறு மட்டும் கரை ஒதுங்கியதாம்.

"இன்னாமே இது, ஈரக் கயித்துல முடிச்ச அப்பிடியே வுட்டுகிறானுங்க. இறுகிப் பூடும்." டில்லிபாபு பூட்டில்லாத கண்ணாடிக் கதவைத் திறந்தான். வலைக்காரன் கை சும்மா இருக்குமா?

"கைய வெக்காதய்யா! வேல பூடும்."

"இருமே." முடிச்சை அவிழ்த்தான்.

லாரிச் சத்தம் நின்றது.

கயிறு அசைந்தது. வெடுக்கென்று ஒரு இழுப்பு. பெட்டிக்குப் பின்னால் சுவர் இல்லை. இருட்டு இருந்தது.

கரைவலை இழுத்துப் பழகிய உடம்பு யோசிக்கவில்லை. கயிறு இழுபட்டதும் இடுப்பில் ஒரு சுற்று போட்டு, குதிகாலை ஊன்றிச் சாய்ந்தான். கடற்கரையில் மணல் தாங்கும். இங்கே வழவழவென்று டைல்ஸ்.

வழுக்கினான்.

"கன்னீ..."

கண்ணாடி உடையக்கூட இல்லை. அவன் இல்லை.

கத்தினாள். யாரும் வரவில்லை. தரையிலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லையே! வெளியே தொங்கிய நுனியைப் பிடித்தாள். அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான். இழுத்தாள். வந்தது. கனமாக.

முதலில் ஒரு கை. ஊறி வெளுத்த கை. மணிக்கட்டில் கட்டு. அப்புறம் இன்னொன்று. மூன்று. நான்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

ஐந்தாவது கை சூடாக இருந்தது. உள்ளங்கைக் காய்ப்பு அவளுக்குத் தெரிந்த காய்ப்பு.

"வந்துடுய்யா. வூட்டுக்குப் போலாம், வந்துடு." அழுதுகொண்டே இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

அந்தக் கை வெளியே வரப் பார்க்கவில்லை. கயிற்றை அவள் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றி, அவசரமே இல்லாமல், முடிச்சுப் போடத் தொடங்கியது.