திறக்காத துருப்பு

"சாயந்தரம் வந்து என் வூட்டுக்காரரைக் கூட்டினு போறாங்களாம்க்கா. கொலை கேசாம்." இதைச் சொல்லிவிட்டு மஞ்சுளா தையல் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரி ஜோஸ்பினுக்குக் கத்தரி நின்றுபோயிற்று. பாகூர் முழுக்கத் தெரிந்த சேதிதான். முந்தாநாள் பச்சையப்பனின் மோட்டார் ரூமில் நாலு பேர் சீட்டாடினார்கள். மூன்று மணிக்கு மும்முனை கரண்டு வந்ததும், பச்சையப்பனை விட்டுவிட்டு மற்ற மூவரும் தங்கள் மோட்டாரைப் போட ஓடினார்கள். அவருடைய மோட்டார் அந்தி வரை இறைத்துக்கொண்டே இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, முதலில் ஒரு துண்டு தெரிந்தது. அப்புறம் அவரே தெரிந்தார்.

அந்த மூவரில் ஒருவனான மஞ்சுளாவின் புருஷன் வீரமணி, வரப்புத் தகராறில் அவரைப் பார்த்து, "கெணத்துல தள்ளிடுவேன்" என்று கடைத்தெருவில் கத்தியவன். போதாதா?

ரவிக்கை தைக்க வந்திருந்த ஆதிலட்சுமி நிதானமாகத் துணியை மடித்தாள். ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"சீட்டெல்லாம் அப்படியே கெடக்குதா?"

"ரூமைப் பூட்டி சீல் வச்சிட்டாங்கக்கா."

"ஜோஸ்பின், கடையைச் சாத்து."

அந்த வார்த்தைக்குத்தான் ஜோஸ்பின் காத்திருந்தாள்.

பழைய ஏட்டம்மா கேட்டதால் எஸ்.ஐ. அந்த மூவரையும் வரவழைத்து, ரூமைத் திறந்துவிட்டார். பாயின் நாலு பக்கமும் அவரவர் சீட்டு கவிழ்ந்து கிடந்தது. பச்சையப்பன் இடத்தில் மட்டும், கைச்சீட்டுக்கு முன்னால், தனியாக ஒன்று. வெளியே கரும்புத் தோகை அசையவே இல்லை. ஜோஸ்பின் கிணற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் ஆதிலட்சுமி. பிறகு அந்த மூவரையும் ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டாள். "எனக்குச் சீட்டே தெரியாதுப்பா. எப்படி ஆடுனீங்கன்னு சொல்லு."

ஆண்டனி முதலில் வந்தான். "இருபத்தெட்டுங்கிற ஆட்டம்மா. ஏழுலேர்ந்து ஏஸ் வரைக்கும் முப்பத்திரெண்டு சீட்டு. எதிரெதிர உக்கார்றவங்க கூட்டாளி. ஜாக்கிதான் பெருசு, மூணு பாயிண்டு. அடுத்து ஒம்பது, ரெண்டு. ஏஸு, பத்து ஒவ்வொண்ணு. நாலு இனத்தையும் கூட்டுனா இருபத்தெட்டு. நாலு சீட்டு வந்ததும் எவ்ளோ எடுப்பேன்னு கேக்கணும். அதிகமா கேக்குறவன் ஒரு சீட்டைக் கவுத்து வைப்பான். அந்த இனந்தான் துருப்பு, மத்ததை வெட்டும்."

"எப்போ திறப்பாங்க?"

"எறக்குன இனம் இல்லாதவன் கேட்டாத்தான். அதுவரைக்கும் இன்னா துருப்புன்னு வச்சவனுக்கு மட்டுந்தான் தெரியும். அன்னைக்கு இருபது கேட்டு வச்சது பச்சையப்பண்ணன். மூணு பிடி ஆச்சு, யாரும் துருப்பு கேக்கல. கரண்டு வந்ததும் கவுத்துட்டு ஓடிட்டோம்."

வீரமணியும் அதையேதான் சொன்னான்.

"செருப்புல சேறு பாத்தியாக்கா, ஆண்டனிதான்" என்று ஜோஸ்பின் கிசுகிசுத்தாள்.

"தண்ணி பாய்ச்சுனவன் செருப்புல சேறு இல்லாம மல்லியா இருக்கும்?"

கடைசியாக மணிவண்ணன். அவனுடைய போர்வெல் அந்தக் கிணற்றை ஒட்டினாற்போல் இருந்தது. "அவருக்கு இருபது எங்கம்மா வரும்?" என்று சிரித்தான். "துருப்பு ஜாக்கிதான் என் கையில இருந்துச்சே!"

"அப்புறம் இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லியே. ஸ்டார்ட்டரைப் போட்டுட்டு நேரா வூட்டுக்குப் போயிட்டேன்."

ஆதிலட்சுமி மூவரையும் பாயைச் சுற்றி நிற்கவைத்தாள். வாசலில் மஞ்சுளா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மணிவண்ணா, துருப்பு கடைசி வரைக்கும் திறக்கல. உன் கையில எத்தனை ஜாக்கி வேணா இருக்கட்டும், அதுல ஒண்ணு துருப்பு ஜாக்கின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவன் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

எஸ்.ஐ. அந்தத் தனிச் சீட்டைத் திருப்பினார். கிளாவர் ஒன்பது. அதன் முகத்தில் ஒரு பெருவிரல் கிரீஸ் தடம். மற்ற சீட்டுகளையும் திருப்பினார்; மணிவண்ணனின் கைச்சீட்டில் கிளாவர் ஜாக்கி இருந்தது.

"மத்த சீட்டு எதுலயும் கிரீஸ் இல்ல, ஆடும்போது யார் கையிலயும் இல்ல" என்றாள் ஆதிலட்சுமி. "மோட்டாரைப் போட்ட பிறகு வந்த கை இது. ரேகை யாருதுன்னு ஆபீஸ்ல சொல்லிடுவாங்க."

மணிவண்ணன் சுவரில் சாய்ந்து சரிந்தான். "அவரு மோட்டார் ஓடுனா என் போர்ல வெறுங்காத்துதாம்மா. ஒரு மணி நேரம் நிறுத்துன்னேன். முடியாதுன்னாரு. தள்ளிட்டேன்."

"சீட்டை ஏன் தொட்டே?"

அவன் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினான்.

"உள்ளேர்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தாரு. அது காதுல விழக் கூடாதுன்னுதான் ரூமுக்குள்ள, மோட்டார் சத்தத்துல வந்து உக்காந்தேன். அது கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன்."

மஞ்சுளா ஓடிவந்து வீரமணியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கரண்டு வந்தது. எங்கோ ஒரு மோட்டார் உறுமத் தொடங்கியது. யாரும் அசையவில்லை. மணிவண்ணன் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.