ஒரு துண்டு முயல்

"ஐயோ...!"

அடிலெய்ட். மருந்து ஆராய்ச்சிக்கூடம். காலை பத்தரை.

அலறியவள் டாக்டர் கெர்ரின். அவள் காலடியில் பேராசிரியர் பெல்லாமி. கண்கள் செருகி, உடம்பு சில்லிட்டு... பிணம்!

இருபது நிமிடத்தில் வந்த இன்ஸ்பெக்டர் நரெல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மேஜையில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். வெதுவெதுப்பான உப்புநீர் குமிழி விட, ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு வெளிறிய சதைத் துண்டு தொங்கியது.

"என்ன கருமம் இது?"

"ஆண் முயலோட... அந்த இடத்துச் சதை மேடம்," என்றார் உதவியாளர் டார்சி. ஐம்பது வயது, வழுக்கை. "ஆண்மைக் குறைவு மருந்தை இதுலதான் சோதிக்கிறோம். முதல்ல இறுக்கி வெப்போம். மருந்து பட்டதும் தளர்ந்துடும். திரையில கோடு இறங்கும்."

"த்தூ... சாப்பிட்டு வந்தது தப்பாப் போச்சு!"

கெர்ரின் கண்ணைத் துடைத்தாள்.

"அவருக்கு நெஞ்சு வலி. நாக்குக்கடியில ஸ்ப்ரே அடிச்சுக்குவார். அதோட எங்க மருந்தும் சேர்ந்தா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிடும். யாரோ டீல கலந்துட்டாங்க... நிரூபிக்கட்டுமா?"

பேராசிரியர் மிச்சம் வைத்த டீயைக் குழாயில் சொட்டினாள்.

சதை மெல்லத் தளர்ந்து தொங்கியது. கோடு சரிந்தது!

"டீ போட்டது டார்சி," என்றாள் கெர்ரின்.

நரெல் விலங்கை எடுத்தாள்.

"மேடம்... ஒரு நிமிஷம்!" டார்சி தன் கோப்பையை எடுத்தார். "அடுத்த துண்டுல என் டீயை ஊத்துறேன், பாருங்க. பாதி குடிச்சிருக்கேன். நான் குடிக்கிறதுல நானே மருந்து கலப்பேனா?"

ஊற்றினார்.

அதுவும் தளர்ந்தது!

"என்னய்யா... நீயும் மாத்திரை போட்டியா?"

"வெறும் டீக்கே இந்தச் சதை தளரும் மேடம்! அதான் மருந்து கலக்காத டீயை முதல்ல ஊத்திப் பாக்கணும். முதல் வருஷப் பசங்களே மறக்க மாட்டாங்க. டாக்டரம்மா அவசரத்துல மறந்துட்டாங்க!"

நரெல் நிதானமாகத் திரும்பினாள்.

"நான் மாரடைப்புன்னுதான் நெனச்சேன். போஸ்ட்மார்ட்டம் இன்னும் ஆகல... மருந்துன்னு உங்களுக்கு யார் சொன்னா டாக்டர்?"

கெர்ரினின் முகம் கோணியது.

"காலையில கேக்குல கலந்து கொடுத்தேன்! என் முயல் சோதனைக் கணக்கெல்லாம் பொய்னு இன்னிக்கு மருந்துக் கம்பெனிக்கு எழுதறதா இருந்தான் அந்தக் கிழவன்!"

அதற்கு ஒருவனைக் கொன்று, இன்னொருவனை மாட்டிவிடவும் பார்த்திருக்கிறாள். சே! இவளைப் பார்ப்பதற்குப் பதில் அந்தச் சதைத் துண்டையே பார்த்துத் தொலைக்கலாம் என்றிருந்தது நரெலுக்கு.

கெர்ரினை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, நோட்டைத் திறந்தாள்.

"முயல் காட்டிக்கொடுத்துச்சுன்னு எழுதினா கோர்ட்ல சிரிப்பாங்களேய்யா..."

"தாராளமா எழுதுங்க மேடம்... முயலோட எந்தப் பாகம்னு மட்டும் எழுதிடாதீங்க!"